ஒரு சிறு நிலப்பரப்பு, ஒரு முழு ஆய்வேடு: கோள்நிலவியல் மாணவருக்கான வழிகாட்டி

கோள்நிலவியலில் ஆராய்ச்சி செய்ய வருகிறவரிடம் எதில் ஆர்வம் என்று கேட்டால் செவ்வாய் என்பார், நிலா என்பார், வெள்ளி என்பார். வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்தக் கோளில் எந்த நூறு கிலோமீட்டர்? அங்கே இன்னும் தீராமல் கிடக்கும் சிக்கல் என்ன? இந்த இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிற நாளில்தான் ஆய்வு தொடங்குகிறது. அதற்கு முந்தையதெல்லாம் படிப்பு.

ஒரு சிறு நிலப்பரப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் படங்களை இறக்கி, நிலவியல் வரைபடம் வரைந்து, வயது கணித்து, ஆய்வேடாக எழுதி, அதே வேலையைப் பொதுமக்கள் முன் கொண்டுபோய் வைப்பது வரையிலான பாதை இது. முதுகலை ஆய்வேட்டுக்கு இது முழுப் பாதை. முனைவர் பட்டத்துக்கு முதல் இரண்டு ஆண்டு. மக்களிடம் பேசுவதைப் பட்டம் வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அது ஆய்வையே செம்மையாக்கும் வேலை என்பது போகப்போகத் தெரியும்.

வரும்போது கையில் இருக்க வேண்டியவை

இந்தத் துறைக்கு இரண்டு வாசல்கள். நிலவியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கும் நிரலும் குறையும். இயற்பியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பாறை குறையும். இரண்டாவது குறையே பெரியது. பைத்தான் நிரல்மொழியை ஒரு பருவத்தில் பழகிவிடலாம். அடுக்குகள் எப்படி மடிகின்றன, பிளவின் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, எரிமலைக் குழம்பின் ஓரம் எப்படி முடிகிறது என்று பார்த்தவுடன் கண் பிடிக்கும் பழக்கம் அப்படி வராது. ஆகவே இயற்பியல்காரர்கள் கட்டமைப்பு நிலவியல், படிவியல், பாறையியல் மூன்றையும், முடிந்தால் ஒரு களப்பயிற்சி முகாமையும் தவறாமல் எடுங்கள். நிலவியல்காரர்கள் புள்ளியியல், தொலையுணர்தல், பைத்தான், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஆகிய நான்கையும் எடுங்கள்.

கணினிக்கு 16 ஜிபி நினைவகம் போதும். ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த ஸ்டீரியோ இணைகளிலிருந்து உயர மாதிரி செய்யப்போகிறீர்கள் என்றால் 32 ஜிபி வேண்டும். படங்களுக்கென்று தனியாக ஒரு 2 டிபி வட்டு வாங்கிவிடுங்கள். கோள் படங்களைச் செயலாக்கும், அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறையின் ஐசிஸ் மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ள வேண்டும்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக் கூடாது. அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்ததில் எழுந்த ஒரு கேள்வி, அதை எந்தத் தரவில் சோதிக்கலாம் என்ற உங்கள் யோசனை, உங்களுக்குக் கைவந்த கருவிகள். இவை மூன்றும் போதும். சிறு வயதிலிருந்தே விண்வெளி பிடிக்கும் என்ற வரியை எடுத்துவிடுங்கள். வருகிற எல்லா மடலிலும் அது இருக்கிறது.

கேள்வியைக் குறுக்குவது

‘செவ்வாயில் நீர் இருந்ததா’ என்பது ஆய்வேட்டுக் கேள்வி ஆகாது. ‘இந்தப் பள்ளத்தின் வடக்குச் சுவரில் உள்ள விசிறி வடிவப் படிவு, கீழே உள்ள சமவெளியை விட இளையதா?’ என்பது ஆகும். ஆம், இல்லை, இந்தத் தரவால் சொல்ல முடியாது என்று மூன்று விதமாகவும் அதற்குப் பதில் வரலாம். மூன்றில் எது வந்தாலும் ஆய்வேடு நிற்கும். அப்படி நிற்காத கேள்வியைத் தொடாதீர்கள்.

கேள்வி தேட நல்ல இடம், டெக்சஸில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் நிலா, கோள் அறிவியல் மாநாட்டின் சுருக்கங்கள். 1970இல் அப்போலோ 11 மாதிரிகளைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்திலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு சுருக்கமும் இரண்டு பக்கம்தான். எல்லாம் இலவசம். நூறு சுருக்கங்களை வாசித்து, ஒவ்வொன்றின் கடைசிப் பத்தியிலும் ‘அடுத்து செய்ய வேண்டியது’ என்று எழுதியிருப்பதைத் தனியே குறித்து வையுங்கள். பாதிக்கு மேல் யாரும் செய்யாமலே விட்டிருப்பார்கள்.

இடத்தை முடிவு செய்யும் முன் மூன்றைப் பாருங்கள். உங்கள் கேள்விக்குத் தேவையான பிரிதிறனில் படம் இருக்கிறதா? படங்கள் பரப்பை முழுவதும் மூடுகின்றனவா, நடுவில் ஓட்டை உண்டா? அதே இடத்தை யாராவது ஏற்கெனவே வரைந்திருக்கிறார்களா? இவற்றை, கோள் படங்களை வரைபடத்தில் அடுக்கிக் காட்டும் ஜேமார்ஸ் என்ற மென்பொருளில் ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம். நிலாவுக்கு என்றால், எல்ஆர்ஓ நிலாக் கலத்தின் கேமராக் குழுவான எல்ஆர்ஓசியின் குவிக்மேப் இருக்கிறது, அது இணைய உலாவியிலேயே ஓடும்.

எந்தத் தரவு, எதற்கு

நாசாவின் கோள் தரவுக் காப்பகமான பிடிஎஸ்ஸில் உள்ளதெல்லாம் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியது. சந்திரயான் தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் கிடைக்கும், பதிவு செய்துகொள்ள வேண்டும். தரவுக்குப் பஞ்சமில்லை. பொருத்தமில்லாத தரவை இறக்கி மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதுதான் வழக்கமான விபத்து.

செவ்வாய்க்கு முதன்மைப் படம், மார்ஸ் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் கலத்தின் சிடிஎக்ஸ் கேமரா எடுப்பது. ஒரு படப்புள்ளி சுமார் 6 மீட்டர், ஒரு பட்டையின் அகலம் 30 கி.மீ. வரைபடத்தின் பெரும்பகுதியை இதிலேயே வரைந்துவிடலாம். அதே கலத்தின் ஹைரைஸ் கேமரா ஒரு படப்புள்ளிக்கு 25 முதல் 30 செ.மீ. வரை காட்டும். ஆனால் அகலம் சுமார் 6 கி.மீ.தான், கோளின் சிறு பகுதியைத்தான் எடுத்திருக்கிறது. உங்கள் இடத்தில் இல்லையென்றால் ஹைவிஷ் என்ற தளத்தில் யாரும் வேண்டுகோள் வைக்கலாம். வருமா, எப்போது வரும் என்பதை நம்பி ஆய்வேட்டுக் காலத்தைத் திட்டமிடக் கூடாது. உயரத்துக்கு மோலா என்ற லேசர் உயரமானி. அதன் கட்டம் நடுக்கோட்டருகே சுமார் 463 மீட்டர். கனிமங்களுக்கு கிரிஸம் என்ற நிறமாலைமானி, நுண்ணிய நிலையில் படப்புள்ளிக்கு 18 மீட்டர். இரவு வெப்பப் படத்துக்கு தெமிஸ் கேமரா, 100 மீட்டர். நிலாவில் எல்ஆர்ஓசியின் குறுங்கோணக் கேமரா அரை மீட்டர் வரை காட்டும், அகலக்கோணக் கேமரா 100 மீட்டர். சந்திரயான் 2இன் ஓஎச்ஆர்சி கேமரா 100 கி.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ. காட்டுகிறது.

பிரிதிறனைப் பார்ப்பதோடு சூரிய ஒளியின் கோணத்தையும் பாருங்கள். புதியவர்கள் மறப்பது இதைத்தான். சூரியன் தலைக்கு மேல் இருக்கும் படத்தில் நிற வேறுபாடு தெரியும், மேடுபள்ளம் மறைந்துவிடும். நிழல் விழும் படத்தில், அதாவது செங்குத்திலிருந்து 60 முதல் 80 பாகை வரை சாய்ந்த ஒளியில், தேய்ந்த பள்ளங்கள்கூட எழுந்து நிற்கும். பள்ளம் எண்ணுவதற்கு இரண்டாம் வகையே வேண்டும். ஒரே பரப்பில் சில பட்டைகள் ஒரு வகை, சில பட்டைகள் இன்னொரு வகை என்று கலந்திருந்தால், பட்டை மாறும் கோட்டில் பள்ளங்களின் எண்ணிக்கை திடீரென்று குறையும். அதை நிலவியல் எல்லை என்று வரைந்துவிடும் ஆபத்து உண்டு.

இறக்கிய படத்தை வரைபடமாக்குவது

ஐசிஸில் வரிசை இது. மூலக் கோப்பை ஐசிஸ் வடிவத்துக்கு மாற்றவும். விண்கலம் எங்கே இருந்தது, கேமரா எங்கே பார்த்தது என்ற ஸ்பைஸ் விவரங்களை இணைக்கவும். ஒளி அளவைத் திருத்தவும். சிடிஎக்ஸ் என்றால் ஒற்றை, இரட்டை நெடுவரிசைகளுக்கு இடையே தெரியும் கோடுகளை நீக்கவும். கடைசியாக வரைபட வீழலுக்கு, அதாவது கோளப் பரப்பைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு, மாற்றவும். ஸ்பைஸ் கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கினால் வட்டு நிரம்பிவிடும். ஸ்பைஸை இணைக்கும் கட்டளையிலேயே இணையச் சேவையைப் பயன்படுத்தும் தெரிவு உண்டு, சில பத்துப் படங்களுக்கு அது போதும்.

அடுத்த படியில் விழுகிறவர்கள் அதிகம். கியூஜிஐஎஸ்ஸைத் திறந்தவுடன் அது பூமியின் அளவை எடுத்துக்கொள்ளும். அப்படியே வரைந்தால், ஏறத்தாழ பூமியின் பாதி விட்டமே உள்ள செவ்வாயில் எல்லா நீளமும் இரண்டு மடங்காகும். திட்டத்தின் ஆயமுறையை முதல் வேலையாக மாற்றுங்கள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் 2015 தொகுப்பில் செவ்வாய்க் கோளத்துக்கு எண் 49900, நிலாவுக்கு 30100. அளவுகளையும் சரிபாருங்கள். நிலாவின் ஆரம் 1737.4 கி.மீ., செவ்வாயின் நடுக்கோட்டு ஆரம் 3396.19 கி.மீ.

தீர்க்கக்கோடும் கவிழ்க்கும். இன்றைய செவ்வாய்த் தரவு கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை எண்ணும். பழைய கட்டுரைகளில் மேற்கு நோக்கி எண்ணியிருப்பார்கள். கேல் பள்ளம் கிழக்கில் 137.8 பாகை என்றால் பழைய முறையில் அது மேற்கில் 222.2. ஒரு கட்டுரையிலிருந்து ஆயத்தொலையை எடுத்து இட்டவுடன் நீங்கள் எதிர்பார்த்த பள்ளம் அங்கே இல்லையென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பரப்பளவு அளக்கும்போது செவ்வக வீழலில் அளக்காதீர்கள். 60 பாகை அகலக்கோட்டில் கிழக்கு மேற்காக எல்லாம் இரண்டு மடங்கு நீண்டிருக்கும், பரப்பும் இரட்டிப்பாகும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: பள்ளங்கள் எல்லாம் ஒரே திசையில் முட்டை வடிவமாகத் தெரிந்தால் வீழல் தப்பு. உங்கள் பரப்பின் நடுவை மையமாகக் கொண்ட சமபரப்பு வீழலை அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இராது.

இன்னொன்று, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும் மயக்கம். ஒளி மேலிருந்து வருகிறது என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது. ஒளி கீழிருந்து வரும் படத்தில் எல்லாம் தலைகீழாகும். மார்ஸ் ரிக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் ஓரிடத்தைக் கடக்கும்போது அங்கே பிற்பகல் சுமார் 3 மணி. ஆகவே வடக்கு மேலாக வைத்த படத்தில் ஒளி பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து வரும். ஐயம் வந்தால் உயர மாதிரியில் ஒரு குறுக்குவெட்டு எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கோடு போடுவது

எந்த அளவில் வரைவது? படப்புள்ளி அளவை மீட்டரில் எடுத்து 2000ஆல் பெருக்குங்கள். 6 மீட்டர் படத்தை 1:12,000க்கு மேல் பெரிதாக்குவதில் பயனில்லை, 100 மீட்டர் படத்தை 1:200,000க்கு மேல். அச்சிடப்போகும் அளவைவிட நான்கு மடங்கு பெரிதாக்கி வரைவது நடைமுறை. வரைபடம் 1:200,000இல் வெளிவரும் என்றால் 1:50,000இல் வரையுங்கள். ஓரிடத்தில் நெருங்கிப் போயும் இன்னோரிடத்தில் தள்ளி நின்றும் வரைந்தால், ஒரு மூலை நுணுக்கமாகவும் மறு மூலை மொட்டையாகவும் இருக்கும். மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

வரைபடத்தின் அலகுகளுக்கு, அதாவது ஒரே தோற்றமுள்ள நிலப்பகுதிகளுக்கு, பெயர் வைக்கும்போது கண்டதைச் சொல்லுங்கள், கருதுவதைச் சொல்லாதீர்கள். ‘வழுவழுப்பான சமவெளி’ என்று பெயரிட்டால் அது எரிமலைக் குழம்பா, ஏரிப் படிவா என்று பின்னால் வாதிடலாம். ‘எரிமலைச் சமவெளி’ என்று தொடங்கிவிட்டால், ஏரிப் படிவு என்று தெரியவரும் நாளில் வரைபடம் முழுவதையும் திருத்த வேண்டும். விளக்கத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள், ஒன்று தோற்றம், மற்றது பொருள்கோள்.

எல்லைக் கோடுகளில் குறைந்தது மூன்று வகை வேண்டும். உறுதியானது முழுக்கோடு, ஏறத்தாழத் தெரிவது இடைவெளிக்கோடு, மறைந்திருப்பது புள்ளிக்கோடு. முதல் வரைவில் எல்லாமே முழுக்கோடாக இருந்தால் நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. வரைந்து முடித்து இரண்டு வாரம் கழித்து, பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பழைய கோடுகளை மறைத்துவிட்டு மீண்டும் வரையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள விலகல்தான் உங்கள் வரைபடத்தின் உண்மையான பிழை. அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதினால் தேர்வாளர் அதைப் பற்றிக் கேட்கவே மாட்டார்.

வயது: பள்ளம் எண்ணுதல்

ஒரு பரப்பு எவ்வளவு காலம் வெளியில் கிடந்ததோ அவ்வளவு மோதல் பள்ளங்கள் அதில் விழுந்திருக்கும். எண்ணி, பரப்பால் வகுத்து, எந்த வயதில் எத்தனை பள்ளம் இருக்கும் என்று காட்டும் மாதிரி வளைகோட்டோடு ஒப்பிட்டால் வயது. கேட்க எளிது. எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

நிலாவுக்கு நியூகம், இவானோவ், ஹார்ட்மன் 2001இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, 300 கோடி ஆண்டு வயதான பரப்பில் 1 கி.மீ.க்கு மேற்பட்ட பள்ளங்கள் 1000 சதுர கி.மீ.க்குச் சுமார் 2.6 இருக்கும். அதாவது 1000 சதுர கி.மீ. முழுவதும் தேடினாலும் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். எண்ணிக்கையின் பிழை அதன் வர்க்கமூலம், ஆகவே 2.6க்கு 1.6 பிழை. இதை வயதாக மாற்றினால் சுமார் 120 கோடியிலிருந்து 345 கோடி வரை எதுவும் இருக்கலாம். இப்படி ஒரு விடையைச் சொல்லுவதும் சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான். அதே இடத்தில் 10,000 சதுர கி.மீ. எடுத்தால் சுமார் 26 பள்ளங்கள், பிழை 5. வயது 300 கோடி, மேலே 25 கோடியும் கீழே 55 கோடியும் தளரலாம். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் சமமாக இல்லாததற்குக் காரணம், 300 கோடி ஆண்டுக்கு முன் மோதல் வீதம் செங்குத்தாக ஏறுவது. பிழையைச் சமச்சீராகப் போடும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எண்ணியவர் வளைகோட்டைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சின்னப் பரப்பில் சின்னப் பள்ளங்களை எண்ணி எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டலாம், மூன்று பொறிகளைத் தாண்டினால். முதலாவது, ஒரு பள்ளத்தை நம்பி எண்ண அதன் விட்டம் குறைந்தது 10 படப்புள்ளி இருக்க வேண்டும். சிடிஎக்ஸில் அது 60 மீட்டர். அதற்குக் கீழே எண்ணிக்கை தானாகக் குறையும், வளைகோடு தட்டையாகும். பரப்பு இளையது போலத் தோற்றம் தரும். இரண்டாவது, இரண்டாம்நிலைப் பள்ளங்கள். பெரிய மோதலில் வீசப்பட்ட கற்கள் விழுந்து உண்டாக்கியவை. செவ்வாயில் 10 கி.மீ. விட்டமுள்ள சூனில் பள்ளம் ஒன்றே கோடிக்கணக்கான சிறு பள்ளங்களைச் சிதறவிட்டிருக்கிறது என்று 2005இல் மெக்யூவன் குழு கணித்தது. சங்கிலியாக, கொத்தாக, ஆழமில்லாமல், ஒரு பக்கம் நீண்டு இருப்பவற்றைத் தனி அடுக்கில் குறித்து விலக்குங்கள். தூரத்தில் தனித்து விழுந்தவற்றைப் பிரித்தறியும் வழியில்லை, அதை ஒப்புக்கொண்டு எழுதுங்கள். மூன்றாவது, நிறைவுநிலை. பழைய பரப்பில் சிறு பள்ளங்கள் விழுகிற வேகத்தில் அழிகின்றன. அந்த விட்டத்துக்குக் கீழே எவ்வளவு எண்ணினாலும் வயது தெரியாது.

எண்ணும் முறை: பரப்பின் எல்லையை முதலில் மூடிய பலகோணமாக வரைந்து பூட்டுங்கள். எண்ண ஆரம்பித்த பிறகு அதை நகர்த்தக் கூடாது. மையம் உள்ளே விழும் பள்ளங்களை மட்டும் எண்ணுங்கள். விளிம்பில் மூன்று புள்ளி வைத்து வட்டம் பொருத்துங்கள். கியூஜிஐஎஸ்ஸுக்கு ஓபன்கிரேட்டர்டூல் என்ற செருகுநிரல் இருக்கிறது, வளைகோடு பொருத்த பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் கிரேட்டர்ஸ்டாட்ஸ் இருக்கிறது. இன்னொரு மாணவரைக்கொண்டு சிறு பகுதியை எண்ணச் சொல்லி ஒப்பிடுங்கள். இருவர் எண்ணிக்கை ஒன்றாக வந்தால் மறுபடி பாருங்கள், ஒருவர் மற்றவருடைய கோப்பைத் திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது மாதிரி வயதுதான். நிலாவின் வளைகோடு, அப்போலோ, லூனா பயணங்கள் கொண்டுவந்த மாதிரிகளின் வயதோடு பொருத்தப்பட்டது. நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. 2020இல் சீனாவின் சாங்’இ 5 கலம் கொண்டுவந்த சுமார் 200 கோடி ஆண்டுப் பாறை அதில் ஒரு புள்ளி வைத்தது. செவ்வாய்க்கு நிலாவின் வளைகோட்டையே மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஆகவே நடு வயதுகளில் இரண்டு மடங்கு தவறு இருந்தாலும் வியப்பில்லை. ஒரே வளைகோட்டில் இரண்டு அலகுகளை ஒப்பிட்டு எது மூத்தது என்று சொல்வது அதைவிடப் பல மடங்கு உறுதியானது. உங்கள் கேள்வியை அந்த வடிவத்தில் வைத்தால் ஆய்வேடு பிழைக்கும்.

களம்

கோளுக்குப் போக முடியாது, அதையொத்த இடத்துக்குப் போகலாம். எரிமலைப்பாறையில் விழுந்த மோதல் பள்ளம் பூமியில் அரிது. மகாராஷ்டிரத்தில் சுமார் 1.8 கி.மீ. விட்டமுள்ள லோனார் அப்படிப்பட்டது, செவ்வாயோடும் நிலாவின் கருஞ்சமவெளியோடும் ஒப்பிட ஏற்றது. நிலாவின் மேட்டுநிலப் பாறைக்கு, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை ஒப்புமை. இஸ்ரோ நிலா மண்ணுக்கு மாற்று செய்தது அதிலிருந்துதான். போவதற்கு முன் அந்த இடத்தின் செயற்கைக்கோள் படத்தை, கோளின் படத்துக்குச் சமமான பிரிதிறனுக்குத் தாழ்த்தி, அதில் வரைபடம் வரைந்து எடுத்துப்போங்கள். களத்தில் எந்தக் கோடு பொய்த்தது என்று குறித்து வருவதுதான் பயணத்தின் பயன். வெறுமனே பார்த்துவிட்டு வந்தால் அது சுற்றுலா.

எழுதுவது

முதலில் படங்களைச் செய்யுங்கள். இடவரைபடம், நிலவியல் வரைபடம், குறுக்குவெட்டு, பள்ள வளைகோடு, கால வரிசை, இந்த ஐந்தும் சரியாக வந்தால் எழுத்து அவற்றை இணைக்கும் வேலைதான். குறுக்குவெட்டில் உயரத்தை எத்தனை மடங்கு மிகைப்படுத்தினீர்கள் என்று எழுதாமல் விடாதீர்கள். 10 மடங்கில் 3 பாகைச் சரிவுகூட 28 பாகையாகத் தெரியும்.

மாநாட்டுக்கு அனுப்பும் இரண்டு பக்கச் சுருக்கத்தில் முதல் அரைப்பக்கம் கேள்வி, அடுத்த அரைப்பக்கம் தரவும் முறையும், மீதி முழுவதும் முடிவும் படமும். முடிவு வரும் முன்பே ‘முடிவுகள் மாநாட்டில் கூறப்படும்’ என்று அனுப்புவது பலர் செய்வது. அதைவிட முடிவு வந்த பிறகு அடுத்த ஆண்டு அனுப்பலாம், தவறில்லை. வரைபடக் கோப்புகளையும் எண்ணிய பள்ளங்களின் பட்டியலையும் ஸெனோடோ போன்ற திறந்த காப்பகத்தில் போட்டு நிலையான அடையாள எண் வாங்குங்கள். வேலை தேடும் காலத்தில் அதையும் காட்டலாம்.

மக்கள் முன் வைப்பது

ஆய்வேட்டு வரைபடத்தையே ஒரு கூட்டத்தில் மாட்டிப் பேசலாம். புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை. அலகுகளைப் பதினைந்திலிருந்து நான்காகச் சுருக்குங்கள், நிறங்களை வலுவாக்குங்கள், தெரிந்த ஊரின் பரப்பை அதே அளவில் ஒரு மூலையில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரே கேள்விதான்: இவற்றில் எது முதலில் வந்தது, எப்படித் தெரியும்? பார்வையாளர்களே கோடுகளைப் பார்த்து விடை சொல்லும்வரை பொறுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் ஆசையால்தான் நல்ல ஆய்வாளர்களின் உரைகள் சலிப்பூட்டுகின்றன.

தொலைநோக்கி வைத்தால் முழுநிலாவைத் தவிருங்கள், நிழலே இருக்காது. வளர்பிறையில் ஐந்தாம் ஆறாம் நாளில் தியோஃபிலஸ், சிரிலஸ், கேதரினா என்ற மூன்று பள்ளங்களும், நிலாவின் பகலும் இரவும் சந்திக்கும் ஒளி எல்லையருகே வரும். தியோஃபிலஸின் கூர்மையான விளிம்பு சிரிலஸைக் கடித்துக்கொண்டு நிற்பது 80 மி.மீ. தொலைநோக்கியில் 50 மடங்கிலேயே தெளிவாகத் தெரியும். வெட்டியது இளையது, வெட்டுப்பட்டது மூத்தது. நிலவியலின் அடிப்படை விதி ஒன்றை ஒருவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் பார்வைப் புலம் ஒரு பாகை என்றால், நடுவில் வைத்த பள்ளம் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விடும். ஒருவருக்கு ஒரு நிமிடம், ஒவ்வொரு இரண்டு பேருக்கும் ஒருமுறை நீங்கள் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வரிசையில் நூறு பேர் நின்றால் இரண்டு தொலைநோக்கி வையுங்கள். 2010இல் தொடங்கி ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் முதல் கால்நிலாவையொட்டி வரும் உலக நிலாப் பார்வை இரவு, இதற்கு வசதியான நாள்.

பகலில் செய்ய மணல்தட்டு. 40க்கு 30 செ.மீ. தட்டில் 8 செ.மீ. ஆழத்துக்கு உலர்ந்த, சலித்த மெல்லிய மணல். அது ஏறக்குறைய 15 கிலோ வரும், தட்டு தாங்க வேண்டும். மேலே 2 மி.மீ. தடிப்புக்கு வேறு நிறப் பொடியைத் தூவினால் சிதறல் கதிர்கள் தெரியும். ஒரே இரும்புக் குண்டை 12, 48, 192 செ.மீ. உயரங்களிலிருந்து விடுங்கள், எறியக் கூடாது. ஒவ்வோர் உயரத்துக்கும் ஐந்து முறை விட்டு விளிம்புக்கு விளிம்பு அளந்து சராசரி எடுங்கள். உயரம் நான்கு மடங்கானால் ஆற்றலும் நான்கு மடங்கு. பள்ளம் ஆற்றலின் நான்காம் மூலத்தைப் பின்பற்றி ஏறக்குறைய 1.4 மடங்குதான் பெருக்கும், பதினாறு மடங்கு உயரத்துக்கு இரண்டு மடங்கு. பிள்ளைகள் பதினாறு மடங்கை எதிர்பார்ப்பார்கள், அளவுகோல் அவர்களைத் திருத்தும். கணக்கு ஒத்துவராவிட்டால் காரணம் பெரும்பாலும் ஈரம். ஈர மணலில் சுவர் சரியாமல் குறுகலாக நிற்கும். அல்லது முந்தைய மோதலில் மணல் இறுகியிருக்கும். ஒவ்வொரு முறையும் கிளறி, தட்டாமல் மட்டப்படுத்துங்கள். தட்டின் சுவருக்கு அருகே விடாதீர்கள். சுற்றி நிற்பவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும்.

இந்தத் தட்டு ஒரு பொய்யும் சொல்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள். குண்டு பள்ளத்துக்குள்ளேயே கிடக்கும். அரிசோனாவில் 1.2 கி.மீ. பள்ளத்துக்கு அடியில் இரும்புப் பாறை முழுசாகப் புதைந்திருக்கிறது என்று நம்பி டேனியல் பேரிஞ்சர் 1903இலிருந்து 1929 வரை தோண்டினார். கிடைக்கவில்லை. நொடிக்குப் பல கி.மீ. வேகத்தில் வந்தது வெடித்து உருகிச் சிதறிவிட்டது. வேகம் அவ்வளவு இருப்பதால்தான், மிகத் தாழ்வாகச் சாய்ந்து வந்தாலொழியப் பள்ளம் வட்டமாகவே அமைகிறது.

கேட்கப்போகும் கேள்வி ஒன்று நிச்சயம்: செவ்வாயில் தண்ணீர் ஓடுகிறதா? செவ்வாய்ச் சரிவுகளில் பருவந்தோறும் நீளும் கருங்கோடுகள் 2011இல் அறிவிக்கப்பட்டன. 2015இல் நீரேறிய உப்புகளின் தடம் தெரிந்ததாகக் கட்டுரை வந்தது, ஓடும் உப்புநீர் என்று செய்தி பறந்தது. 2017இல் ஹைரைஸ் உயர மாதிரிகளில் சரிவை அளந்தபோது, கோடுகள் உலர்மணல் நிலைகொள்ளும் சரிவிலேயே வந்து நிற்பது தெரிந்தது. நீராக இருந்தால் இன்னும் சாய்வு குறைந்த இடம் வரை ஓடியிருக்கும். மூன்று ஆண்டுகளையும் இதே வரிசையில் சொல்லுங்கள். எதைப் பார்த்தார்கள், என்ன கருதினார்கள், எது அதை மாற்றியது என்று பிரித்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

சமூக ஊடகத்தில் படம் போடும்போது ஐந்து விவரம் அதோடு போகட்டும்: எந்தக் கலம், எந்தக் கேமரா, படத்தின் அடையாள எண், அளவுகோல், நிறம் இயற்கையா மிகைப்படுத்தியதா. ஹைரைஸின் நீலமான மணல்மேடுகள் பரவும்போதெல்லாம் அங்கே நீலமணல் இருப்பதாகவே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விவரத்தைக் கீழே எழுதினால் பகிர்பவர் வெட்டிவிடுவார், படத்தின் மூலையிலேயே சின்ன எழுத்தில் பொறித்துவிடுங்கள்.